பூஜைக்குக் குளித்த எஃகுக் குண்டுகள்

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் 'பொடி அரைத்தேன்' என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் மசாலாப் பொடியா, மூலிகைப் பொடியா என்று ஆவலாகக் கேட்பார்கள். அலுமினியப் பொடி என்றதும் அவர்கள் முகம் தொங்கிப்போகும். அப்படித் தொங்கும் முகங்களைப் பார்த்தால் எனக்கு வீம்பு வந்துவிடும். நிற்க வைத்து முழுப் பாடமும் நடத்திவிட்டுத்தான் அனுப்புவேன்.

பாடம் பெரிதில்லை. அலுமினியம் எடை குறைந்த உலோகம், ஆனால் மென்மையானது. சூடு ஏறினால் இன்னும் இளகிவிடும். அதற்குள் பீங்கான் துகளைக் கலந்தால் எடை ஏறாமல் வலு ஏறும். பீங்கான் என்றால் டீ குடிக்கிற கோப்பை இல்லை, அலுமினா என்ற வெள்ளைத் தூள். அந்தத் துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. எங்களுக்கு வந்தது நானோ அளவு. விரலில் தேய்த்தால் எதுவுமே தட்டுப்படாது. ஆனால் அந்தச் சின்னத் துகள்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்றை ஒன்று விடாது, கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். அவற்றைப் பிரித்து ஒவ்வோர் அலுமினியத் துகளுக்குள்ளும் சமமாகப் புதைப்பதுதான் எங்கள் பிழைப்பு.

புத்தாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூரில் கல்லை எறிந்தால் கணினிக்காரர் தலையில் விழும் என்ற காலம். நான் கல்லூரி விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு ஹெப்பகோடியில் ஒரு தகரக் கூரை ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொம்மலூரிலிருந்து ஒரு பஸ், மடிவாளாவில் இறங்கி இன்னொரு பஸ். எங்கள் அப்பா மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் இல்லாத வேலையை அவர் வேலைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். "அரைக்கிறதுக்கா டாக்டர் பட்டம் வாங்கின?" என்று தினமும் காலை காப்பியோடு சேர்த்து அதையும் கொடுப்பார். "ஆமாம்ப்பா, கையால அரைச்சா ஒத்துக்க மாட்டாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஷெட்டின் ஒரு பக்கம் கார்மெண்ட்ஸ், இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. நடுவில் நாங்கள் மூன்று பேர். முதலாளியை நான் சார் என்பேன். மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் என்ஜினியராக இருந்து, காலத்துக்கு முன்பே விலகி, வந்த பணத்தையெல்லாம் ஷெட்டில் இருந்த அரவை மில்லில் போட்டவர். தாத்தா காலத்தில் பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். அமைதியாக இருந்தால் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். மூன்றாவது ஆள் மில் ஓட்டுகிறவர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், குடும்பத்தோடு ஹெப்பகோடியிலேயே வாடகைக்கு இருந்தார். என் வயதுதான் இருக்கும்.

மில் என்றால் சுழலும் ஒரு பெரிய எஃகு ஜாடி. அதற்குள் கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிய எஃகுக் குண்டுகள். அலுமினியப் பொடி, பீங்கான் தூள், ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் மெழுகு போன்ற அமிலம், எல்லாவற்றையும் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, எதோடும் சேராத ஆர்கான் வாயுவை நிரப்பி மூடிவிடுவோம். பிறகு நாள் கணக்கில் அது சுற்றும். குண்டுகள் பொடியை இடித்து இடித்து முதலில் அவல் மாதிரி தட்டையாக்கும். தட்டையானவை ஒன்றோடொன்று ஒட்டும், பிறகு உடையும், மறுபடி ஒட்டும். அந்த ஒட்டலிலும் உடைசலிலும்தான் பீங்கான் உள்ளே போய் உட்காரும்.

அரைத்து முடித்த பொடியை உடனே திறந்தால் தீப்பிடிக்கும். அதனால் வால்வை ஒரு மயிரிழை திறந்து, காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும்படி விட்டு வைப்போம். பொடி மூச்சு விடட்டும் என்போம். அந்த நேரம் நாங்களும் மூச்சு விடுவோம். சார் வீட்டிலிருந்து பெரிய டிபன் கேரியர் வரும், வாசலில் உட்கார்ந்து மூவரும் சாப்பிடுவோம். பிசிபேளாபாத் வந்தால் கிருஷ்ணகிரிக்காரர் 'சாம்பார் சோறுதான மேடம் இது, இதுக்கு எதுக்கு இவ்ளோ பேரு?' என்பார். நான் ஒவ்வொரு முறையும் சண்டைக்குப் போவேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் நிம்மதியாகச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

ஆனால் அந்த வருடம் நிம்மதிக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. ஓசூரில் பிஸ்டன் செய்கிற ஒரு தொழிற்சாலை எங்கள் பொடியை வாங்க முன்வந்தது. பொடியை அச்சில் அழுத்தி, சூடு கொடுத்து, வில்லையாக்கித் தர வேண்டும். அவர்கள் அதை இயந்திரத்தில் வைத்து வளைத்துப் பார்ப்பார்கள். எங்கள் வில்லை கடினத்தில் ஜெயித்துவிடும். வளைக்க ஆரம்பித்ததும் படக்கென்று உடைந்துவிடும். முதல் முறை உடைந்தது, மறுமுறை உடைந்தது, அதற்கு அடுத்த முறையும் உடைந்தது. ஓசூர்க்காரர் பொறுமைசாலி. ஆயுத பூஜை முடிந்து வருகிற வாரத்தில் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார்.

சார் எங்களிடம் ஒளித்து வைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். "இதுவும் ஒடஞ்சா நான் ஷெட்ட கார்மெண்ட்ஸ்காரனுக்கு விட்டுடறேன்ம்மா. பையன் அமெரிக்கா வா வான்னு உயிரெடுக்கறான். வீட்ல அவளுக்கும் பேரனப் பாக்கணும்னு இருக்கு. போயிடறோம்." கிருஷ்ணகிரிக்காரர் கையில் இருந்த அப்பளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். கல்லூரியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஆனால் என் கவலை வேலை போவது மட்டுமில்லை. அந்தப் பொடி ஏன் உடைகிறது என்று தெரியாமலே நான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்குமே என்பதுதான் என்னைக் குடைந்தது.

உடைந்த வில்லைகளை நான் மைக்ராஸ்கோப்பில் பார்க்காமலில்லை. விரிசல் தொடங்குகிற இடத்தில் எப்போதும் ஒரு கரும்புள்ளி இருக்கும். நானோத் தூள் கட்டி பிடித்திருக்கிறது என்று நான் தீர்மானித்துவிட்டேன். தூள் விற்றவரோடு தொலைபேசியில் தொண்டை வறளச் சண்டை போட்டேன். தூளை ஆல்கஹாலில் போட்டுக் கலக்கினேன், சலித்தேன், உலர்த்தினேன். வில்லை மட்டும் தன் வழக்கப்படி உடைந்தது.

ஆயுத பூஜைக்கு முன்தினம் மில்லைக் காலி செய்து, குண்டுகளைத் தட்டில் கொட்டி வைத்துவிட்டுக் கிளம்பினோம். பூஜை வருடா வருடம் சாரின் மனைவி பொறுப்பு. ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். குள்ளமாக, சுறுசுறுப்பாக, வாய் ஓயாமல் பேசுகிறவர். ஜாடிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார், வாழைக்கன்று கட்டுவார், வாசலில் பூசணிக்காய் உடைக்கச் சொல்வார். மில் பக்கத்தில் நெருப்பு கூடாது என்று நான் போட்ட சட்டத்தால் விளக்கும் கற்பூரமும் வெளியே வாசல் குழாயடிக்குப் போனதில் அவருக்கு என் மேல் சிறு மனத்தாங்கல் உண்டு. மற்றபடி எங்களுக்குள் நல்ல உறவு.

அன்று காலை நான் பூக்கூடையோடு கேட்டைத் தாண்டும்போதே கிருஷ்ணகிரிக்காரர் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"மேடம், சீக்கிரம் வாங்க. அம்மா குண்டையெல்லாம் கழுவிக்கினு இருக்காங்க. நான் வாழைக்கன்னு வாங்கப் போயிருந்தேன் மேடம். வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிபோச்சு."

குழாயடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. அதில் ஆவி பறக்கும் சாம்பல் நிறத் தண்ணீர், மேலே நுரை. பக்கத்தில் தலைவாழை இலை விரித்து, அதன் மேல் எங்கள் குண்டுகள் கண் கூசும்படி பளபளவென்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆன்ட்டி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரும் புளியுமாகக் கடைசிக் குண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாளிக்கு ஒரு முழம் தள்ளிக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

குண்டுகளைக் கழுவக் கூடாது. எங்கள் ஷெட்டில் அது முதல் பாடம். சமையலறை உவமை எனக்குப் பிடிக்காது, ஆனால் இதற்கு வேறு வழியில்லை. பழகிய தோசைக்கல்லை யாராவது சோப்புப் போட்டுத் தேய்ப்பார்களா? அரைக்க அரைக்கக் குண்டுகளின் மேல் அலுமினியம் ஒரு தோலாகப் படியும். அந்தத் தோல் இருந்தால்தான் எஃகு தேய்ந்து இரும்பு பொடியில் கலக்காது. எங்கள் குண்டுகளுக்கு அந்தத் தோல் வருடக்கணக்கில் படிந்தது. ஆன்ட்டி அதைப் பிசுக்கு என்று நினைத்துவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்கைச் சலவைச் சோடாவில் ஊற வைப்பது போல் கொதிக்கிற தண்ணீரில் சோடாவைக் கொட்டி ஊற வைத்துவிட்டார். சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். தின்னும்போது கிளம்புவது ஹைட்ரஜன். அது எரிகிற வாயு.

"ஆன்ட்டி, விளக்க அணைங்க! மொதல்ல விளக்க அணைங்க!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஏய், நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? விளக்க அணைன்னு வாயால சொல்லலாமா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு பூவை எடுத்துத் திரியில் வைத்துக் குளிர வைத்தார். நான் கத்தியதை விட நான் சொன்ன வார்த்தைதான் அவரை உறுத்தியது. அப்படியே விட்டிருந்தாலும் திறந்த வெளியில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று பிறகு யோசித்தபோது தோன்றியது. ஆனால் நான் கத்தியது சரிதான் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

"பாரும்மா, எப்படி இருந்தது, எப்படி ஆயிடுச்சு! சோடா போட்டதும் நுரை நுரையாப் பொங்கிச்சு. அழுக்கெல்லாம் அப்படியே உரிஞ்சு வந்துடுத்து."

"அது அழுக்கு இல்ல ஆன்ட்டி."

"பின்ன என்ன?"

"அதுதான் எங்க வேலை."

பூசணிக்காயோடு வெளியே வந்த சார், இலையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "அய்யோ, ஏனு மாடிதே நீனு!" என்றார். என்ன செய்துவிட்டாய் என்று அவர் கன்னடத்தில் கேட்டதிலேயே ஆன்ட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. எப்போதும் பேசுகிற அந்த மனுஷி வாயை மூடிக்கொண்டதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு குண்டாகக் கையில் எடுத்து, பொட்டு வைத்து, திரும்ப வைத்தார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சுலோகம் என்று நினைத்தேன்.

கிருஷ்ணகிரிக்காரர் என்னை ஜாடிக்குப் பின்னால் கூப்பிட்டார். "அம்மாவுக்குப் புள்ளகிட்ட போவணும்னு ஆசை மேடம். ஒரு வேள, வேணும்னேதான்..."

"நீங்க சும்மா இருங்க" என்றேன். ஆனால் அந்த நினைப்பு எனக்குள்ளும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடம் ஜாடிக்குப் பொட்டு வைத்ததோடு விட்டவர் இந்த வருடம் பார்த்துக் குண்டுகளைத் தேய்ப்பானேன்?

கோபத்தில் எனக்கு எதையாவது செய்தாக வேண்டும். வாளியைத் தூக்கிச் சாக்கடையில் சாய்த்தேன். தண்ணீர் வடிந்து அடியில் கொஞ்சம் வண்டல் நின்றது. வெயில் பட்டதும் அது மினுக்கியது. விரலால் தொட்டேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

நான் போட்ட நானோத் தூள் விரலில் தட்டுப்படவே தட்டுப்படாது. அலுமினியமோ சோடாவில் கரைந்துவிட்டது. இது அலுமினியமும் இல்லை, என் தூளும் இல்லை. அப்படியானால் வேறு ஏதோ ஒன்று அந்தத் தோலுக்குள் குடியிருந்திருக்கிறது.

வண்டலைக் கழுவி, துணியில் வடித்து எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். மைக்ராஸ்கோப் முன்னால் போய் நின்றுவிட்டேன். அதற்கும் சந்தனம் தீற்றி, மூக்கில் ஒரு சாமந்திப் பூ சொருகியிருந்தது. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆனால் ஏற்கெனவே விளக்கை அணை என்று கத்தியவள், இதிலும் கை வைக்கத் தயங்கினேன். திரும்பிப் பார்த்தால் ஆன்ட்டி வாசற்படியில் நின்றிருந்தார்.

"என்னம்மா, அதுல பாக்கணுமா?"

"ஆமா ஆன்ட்டி. ஆனா பூஜையில இருக்கு."

கொஞ்சம் யோசித்தார். "பாக்கறது வேலையா என்ன? கண்ணு இன்னிக்கும் தொறந்துதான இருக்கு. பாரு போ." அவரே வந்து சாமந்திப் பூவைப் பத்திரமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பார்த்தேன். கறுப்பாக, கூராக, உடைந்த கண்ணாடித் துண்டு போன்ற துகள்கள். நானோவுக்கு முன்னால் அவை பாறாங்கல். சிலிக்கான் கார்பைடு, சாணைக்கல்லில் இருக்கும் அதே கருந்தூள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அந்த மில்லில் சாரும் கிருஷ்ணகிரிக்காரரும் அதைத்தான் அலுமினியத்தோடு அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆர்டர் முடிந்து போய்விட்டது. தூள் போகவில்லை. குண்டுகளின் தோலுக்குள் புதைந்துகொண்டு, நான் அரைத்த ஒவ்வொரு பொடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருக்கிறது. அந்த ஒரு கூர்க்கல்லிலிருந்துதான் வில்லை ஒவ்வொரு முறையும் உடைந்திருக்கிறது. நான் சண்டை போட்ட தூள்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை.

"சார்!" என்று நான் போட்ட கூச்சலில் கார்மெண்ட்ஸ் பக்கம் நாய் குரைத்தது. சார் வந்து பார்த்தார். வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தோலைக் காப்பாற்ற அவர் எங்களை எவ்வளவு மிரட்டி வைத்திருந்தார்! தண்ணீர் படாமல், தூசி படாமல் நாங்கள் கண்ணும் கருத்துமாக வளர்த்தது அதைத்தான். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "சோடா இன்னும் மிச்சம் இருக்கா?" என்றார், தமிழில். ஜாடியின் உள்பக்கத்தையும் கழுவ வேண்டியிருந்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் என் பட்டமளிப்பு விழாவில் கூட இருந்ததில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் சிலர் 'பார்த்தீர்களா, சமையலறை ஞானம்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞானமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆன்ட்டிக்கு அந்தத் தோல் என்னவென்றே தெரியாது. எனக்குச் சோடா அலுமினியத்தைத் தின்னும் என்று தெரியும், ஆனால் அதைக் குண்டில் போட வேண்டும் என்று தோன்றவில்லை. வாளியின் அடியைப் பார்த்ததுதான் விஷயம். யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

உடனே மில்லை ஓட்ட எனக்குக் கை துடித்தது. ஆன்ட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "இன்னிக்கு மில்லு ஓடக் கூடாது. வருஷம் பூரா சுத்துது, அதுக்கு ஒரு நாள் லீவு வேண்டாமா?" சாருக்கே எதிர்த்துப் பேசத் துணிச்சலில்லை. ஜாடியைக் கழுவுவது சுத்தம் செய்வதில் சேரும், வேலையில் சேராது என்று ஒரு தீர்ப்பு மட்டும் வாங்கிக்கொண்டோம். கழுவிவிட்டு, பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு, பூசணிக்காய் உடைந்து கிடந்த வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விஜயதசமி காலையில் பொட்டுகளையெல்லாம் துடைத்து, காய வைத்து, குண்டுகளை எண்ணி எடை போட்டோம். பொடிக்கும் குண்டுக்கும் எடைப் பொருத்தம் முக்கியம். கிருஷ்ணகிரிக்காரர் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஒரு குண்டு கொறையுது மேடம்." குழாயடி, சாக்கடை, வாழை இலை எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. உருண்டு எங்காவது போயிருக்கும் என்று அலமாரியில் இருந்த உபரிக் குண்டு ஒன்றைப் போட்டு எடையைச் சரிக்கட்டினோம்.

முதலில் புதுத் தோல் போர்த்த வேண்டும். நல்ல அலுமினியமும் கொஞ்சம் நானோத் தூளும் போட்டு ஓட்டி, அந்தப் பொடியைத் தனியாக ஒதுக்கிவிட்டோம். குண்டுகள் மறுபடி சாம்பல் பூத்து வந்தன. பிறகு உண்மையான பொடியைப் போட்டு மூடினோம். மில்லின் சத்தம் எனக்கு வழக்கம் போலத்தான் கேட்டது. கிருஷ்ணகிரிக்காரர் மட்டும் காதை ஜாடிப் பக்கம் வைத்து, "தொண்டை சரியாயிடுச்சு மேடம் இதுக்கு" என்றார். அரைத்து முடிந்து பொடி மூச்சு விடக் காத்திருந்த நேரத்தில் டிபன் கேரியர் வந்தது. பிசிபேளாபாத்தைப் பற்றிக் கூட யாரும் சண்டை போடவில்லை.

பொடியை மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு தேடியும் ஒரு கறுப்புத் துகள் அகப்படவில்லை. வில்லைகளை அழுத்தி, சுட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாரின் பழைய வேனில் நானும் அவரும் ஓசூர் போனோம்.

அங்கே இயந்திரத்தில் வில்லையை வைத்து மெதுவாக அழுத்த ஆரம்பித்தார்கள். முள் ஏறியது. வழக்கமாகப் படக் என்று சத்தம் வருகிற இடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, வில்லை லேசாக வளைந்திருந்தது. ஓசூர்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். அடுத்த வில்லையையும் வைக்கச் சொன்னார், அதற்கடுத்ததையும். கடைசியில், "இப்பிடியே மாசா மாசம் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார். சார் தலையை ஆட்டினார்.

திரும்பி வந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. ஆன்ட்டி ஷெட்டு கேட்டில் நின்றுகொண்டிருந்தார். கூடவே கிருஷ்ணகிரிக்காரரும். வேன் நிற்பதற்கு முன்பே ஆன்ட்டியின் கண் சாரின் முகத்தைத் துழாவியது. சார் கண்ணாடியை இறக்கி, "ஒடையல" என்றார். கிருஷ்ணகிரிக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஆடினார்.

ஆன்ட்டியின் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. வாய் அடங்காதவள் நான், கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு ஏமாத்தமா இருக்கா ஆன்ட்டி? அமெரிக்கா போறது தள்ளிப்போச்சே."

"நான் போகணும்னு யாரும்மா சொன்னா?"

"சார்தான். பேரனப் பாக்கணும்னு..."

"பேரன் லீவுக்கு வருவான், பாத்துக்கறேன். இவர் அங்க போய் என்ன பண்ணுவார்? ஜன்னல் கிட்ட உக்காந்து பனி பேயறதப் பாப்பார். ஒரே மாசத்துல பாதி ஆளாயிடுவார். நான் அதப் பாத்துண்டு உக்காந்திருக்கணுமா?" குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "இதான் கடைசி பூஜைன்னு நினைச்சேன். அதுக்குத்தான் குண்டெல்லாம் பளபளன்னு இருக்கட்டும்னு தேச்சேன். ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னேன், மூட விடாதே, மூட விடாதேன்னு."

நான் சுலோகம் என்று நினைத்திருந்தேன். கிருஷ்ணகிரிக்காரர் தரையைப் பார்த்தார். நானும் வேறு எங்கோ பார்த்தேன்.

ஆன்ட்டி கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். முடிச்சை அவிழ்த்தார். உள்ளே காணாமல் போன குண்டு. பளபளப்பு கொஞ்சமும் மங்கவில்லை, பொட்டும் அழியவில்லை.

"ஒண்ணு எடுத்துண்டு போயிட்டேன்ம்மா. மூடிட்டா கையில ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு." அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "இனிமே எனக்கு எதுக்கு? உள்ள போடு."

குண்டு அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டேன். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது, என் வேலைக் கோட்டில் இருந்த அலுமினியம் அவர் பட்டுப்புடவையில் ஒட்டிவிட்டதாம்.

அடுத்த பொடி போடும்போது உபரிக் குண்டை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். பொட்டைத் துடைக்கத்தான் வேண்டியிருந்தது. மில் சுற்றி முடிந்து, பொடி மூச்சு விட்டு, மூடியைத் திறந்ததும் நானும் கிருஷ்ணகிரிக்காரரும் எது அந்தக் குண்டு என்று தட்டில் கொட்டித் தேடினோம். கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது.